ஜெர்மனி பாலிசியும் என் மூன்று விரல்களும்

எனக்குச் சந்தேகம் கொஞ்சம் அதிகம். கொஞ்சம் என்பது நான் சொல்வது; எங்கள் வீட்டில் கேட்டால் வேறு அளவு சொல்வார்கள். கடையில் வாங்கிய தக்காளியை வீட்டுக்கு வந்து திரும்ப எடை போடுவேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி என்னைப் பார்த்துச் சிரித்தால் கைப்பையை மடிக்கு மாற்றிக்கொள்வேன். ஒரு தடவை கோயிலில் அர்ச்சனைத் தட்டைத் திருப்பி வாங்கியதும், அதிலிருந்த இரண்டு தேங்காய் மூடிகளும் ஒரே தேங்காயினுடையதுதானா என்று ஒட்டிப் பார்த்தேன். (பொருந்தவில்லை. அர்ச்சகர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே!)

இந்த லட்சணத்தில் எனக்கு வாய்த்த வேலையும் அப்படி. ஓசூர் சிப்காட்டில் பிரேக் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் இன்கமிங் இன்ஸ்பெக்ஷன். வெளியிலிருந்து வரும் சரக்கை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் பச்சை அட்டை, இல்லாவிட்டால் சிவப்பு அட்டை கட்ட வேண்டும். சேர்ந்த புதிதில் எங்கள் சூப்பர்வைசர் சொன்னார்: "வர்ற சரக்கு எல்லாமே திருட்டுப்பயன்னு நெனச்சுக்கோம்மா. நல்லவன்னு அவனே நிரூபிக்கட்டும்." மற்ற பெண்கள் ஷிப்ட் முடியும்வரை அப்படி நினைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். நான் மட்டும் அந்த வேலையை வீட்டிலும் ஓவர்டைமாகத் தொடர்ந்தேன்.

கதை நடந்தது, ஓசூரில் செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு வடக்குப் பக்கம் திரும்பினால் அது கர்நாடகாவுக்குப் போய்விடும் காலத்தில். இப்போதைய பிள்ளைகளுக்கு இது புரியாது. நாம் அதே இடத்தில் நின்றுகொண்டிருப்போம், டவர் மட்டும் எல்லை தாண்டிவிடும். உடனே ரோமிங். நமக்கு வரும் அழைப்புக்கும் நாமே காசு அழ வேண்டும். அது சிக்னல் பிரச்சினை இல்லை, இரண்டு மாநில போன்காரர்களும் சேர்ந்து செய்யும் சதி என்பது என் கருத்து. அதனால் தெரியாத பெங்களூர் நம்பர் வந்தால் எடுக்கவே மாட்டேன். இந்த ஒரு பழக்கம் இல்லாதிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வீட்டுக்காரர் பெயர் செந்தில். ஓசூர் பக்கத்துப் பேரிகைக்காரர், டூல் டிசைனர். அவர் கம்பெனியில் அவரை ஜெர்மனிக்கு மூன்று வருஷ வேலைக்கு அனுப்பினார்கள். முதலில் அவர் போய், வீடு பிடித்து, பிறகு என்னை அழைத்துக்கொள்வதாக ஏற்பாடு. மனைவி அங்கே போய்க் குடியிருப்பதற்கு விசா வேண்டும்; அந்த விசாவுக்குத் தனியார் மருத்துவக் காப்பீடு வேண்டும். பாலிசி கையில் இல்லாமல் விசா அலுவலக வாசற்படியையே மிதிக்க முடியாது என்றார்கள்.

அந்தப் பாலிசியை அவர் அங்கிருந்தபடியே பெங்களூர் ஏஜென்சி ஒன்றின் மூலம் ஏற்பாடு செய்தார். ஆரம்பத்திலேயே எனக்கு அது பிடிக்கவில்லை. இதற்கு முன்னால் ஆபரேஷன் ஆகியிருக்கிறதா, தாத்தாவுக்குச் சர்க்கரை இருந்ததா, தீட்டு மாதாமாதம் ஒழுங்காக வருகிறதா என்றெல்லாம் படிவத்தில் கேட்டிருந்தார்கள். பெற்ற அம்மாவே கேட்கத் தயங்கும் கேள்வி! பெங்களூரில் ஒரு லேபுக்குப் போய் ரத்தம் கொடுக்கச் சொன்னார்கள். அங்கே நர்ஸ் மூன்றாவது குழாயைக் கையில் எடுத்ததும், "எதுக்கு இவ்ளோ? பாலிசி எடுக்கறது நான் ஒருத்திதானே?" என்று கேட்டேன். அவள் கன்னடத்தில் ஏதோ சொன்னாள். என்னைத் திட்டியிருப்பாள் என்று வைத்துக்கொண்டேன். ரத்தம் கொடுத்ததோடு அந்தத் தொல்லை முடிந்தது என்று நினைத்தேன்.

நாங்கள் பாகலூர் ரோட்டுப் பக்கம் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்கார அம்மா ரத்னம்மா. வீட்டில் தெலுங்கு, பால்காரரிடம் கன்னடம், என்னிடம் தமிழ். மூன்று பாஷையிலும் ஊர் விஷயத்தை விடாமல் சேகரிப்பவர். ஆனால் தங்கமான மனுஷி. என் வீட்டுக்காரர் ஜெர்மனிக்குப் போன நாளிலிருந்து எனக்குத் துணை அந்த அம்மாதான்.

ஒருநாள் மத்தியானம் ஷிப்ட் முடிந்து வந்தேன். கேட்டுக்குப் பக்கத்திலேயே ரத்னம்மா காத்திருந்தார். முகம் சரியில்லை.

"கலா, உன்னைப் பத்தி ஒருத்தன் விசாரிச்சுட்டுப் போறான்."

"யாருக்கா?"

"டை கட்டிக்கினு வந்தான். கழுத்துல கார்டு தொங்குது. நீ எப்படி, உடம்புக்கு ஏதாச்சும் நோவு இருக்குதா, அடிக்கடி லீவு போடறாளா, குழந்தை ஏன் இல்ல, வீட்டுக்கு யார் யார் வந்து போறாங்கன்னு கேக்கறான். இன்சூரன்ஸ்காரன்னு சொன்னான்."

"இன்சூரன்ஸ்காரன் கையெழுத்துதானே கேப்பான்? வீட்டுக்கு யாரு வர்றாங்கன்னு அவனுக்கு என்ன வந்துச்சு?"

"அதான் நானும் கேக்கறேன்." ரத்னம்மா குரலைத் தாழ்த்தினார். "எங்க பக்கம் ஒரு பொண்ணைப் பத்தி அக்கம்பக்கத்துல இப்படி விசாரிச்சா அது சம்பந்தம் பேசறதுக்குத்தான். உனக்கோ கல்யாணம் ஆயிடுச்சு. அப்போ..." என்று நிறுத்தி, வானத்தைப் பார்த்தார். "அப்போ சம்பந்தம் உனக்கு இல்ல. உன் வீட்டுக்காரனுக்கு."

அட, எனக்கே தோன்றாத கோணம்! சந்தேகப்படுவதில் நான்தான் மாவட்டத்தில் முதல் என்று நினைத்திருந்தேன். என்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார். உடனே ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. போன பொங்கலுக்கு மாமியார், "ரெண்டு வருஷம் ஆவுது" என்று ஆரம்பித்து, நான் உள்ளே வந்ததும் பேச்சை மாற்றியது. ஏர்போர்ட்டில் என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்க்காமல் போனது. (திரும்பினால் அழுதுவிடுவேன் என்று அவரே சொன்னார். நான் நம்பவில்லை.) மனைவிக்கு நோய் இருக்கிறது, குழந்தை பிறக்காது என்று ஆதாரம் சேர்க்கிறார்கள். என்னைத் தள்ளிவைத்துவிட்டு வேறு ஒருத்தியை ஜெர்மனிக்குக் கூட்டிக்கொண்டு போகப் போகிறார்கள்.

இப்போது எழுதும்போது சிரிப்பாக இருக்கிறது. அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். அதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவர் இல்லாத வீட்டில் அவருடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டுதான் தூங்கினேன். இந்த மனுஷன் போய்விடுவாரோ என்ற பயம் வந்ததும் சாப்பாடு இறங்கவில்லை.

அன்று சாயந்தரம் அவரே போன் செய்தார். போனும் வழக்கம்போல் கர்நாடகாவில் இருந்தது. நான் நேரடியாகக் கேட்கவில்லை. சரக்கு கொண்டுவந்த டிரைவரிடம் விசாரிப்பதுபோல் சாதாரணமாக, "என்னைப் பத்தி விசாரிக்க யாரையாவது அனுப்புனீங்களா?" என்றேன்.

"ஆமா, வந்துட்டாரா?" என்றார் சந்தோஷமாக. "நான்தான் அவங்ககிட்ட சீக்கிரம் முடிங்கன்னு சொன்னேன். எவ்ளோ சீக்கிரம் முடியுதோ அவ்ளோ..."

பேலன்ஸ் தீர்ந்து லைன் கட் ஆனது.

சீக்கிரம் முடிக்க வேண்டுமாம்! அந்த இடத்திலேயே கட்டின புருஷனுக்குச் சிவப்பு அட்டை கட்டிவிட்டேன். மறுநாள் ரீசார்ஜ் செய்ததிலிருந்து ஒரு பெங்களூர் நம்பர் விடாமல் அடித்தது. வக்கீலாக இருக்கும் என்று எடுக்கவில்லை.

மறுபடி வியாழக்கிழமை வந்து என்னை நேரில் பார்ப்பதாக அந்த டை கட்டிய ஆள் ரத்னம்மாவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தான். நான் லீவு போட்டேன். ரத்னம்மாவும் நானும் திட்டம் தீட்டினோம். யோசனை என்னுடையதுதான்; பழியை அந்த அம்மா தலையில் போட மாட்டேன். மாசமாக இருக்கிற பெண்டாட்டியை யாரும் தள்ளிவைக்க மாட்டார்கள் அல்லவா? எனவே நான் மாசமாக இருக்கிறேன் என்று அந்த ஆளிடம் ரத்னம்மா சொல்லிவிட வேண்டும். செய்தி ஜெர்மனிக்குப் போகும். கல்யாணப் பேச்சு நின்றுவிடும். பிறகு குழந்தைக்கு எங்கே போவது? அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்! (வெர்னியர் அளவுகோலில் நூலிழை வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பவளின் மூளை இது.)

வியாழக்கிழமை அவன் வந்தான். அவன் என்கிறேன், பாவம், கிரீஷ் என்று பெயர், என்னைவிட நாலு வயசு பெரியவராக இருப்பார். வேர்த்து வழிந்துகொண்டு கேட்டுக்கு உள்ளே நின்றார். நான் மாடி ஜன்னல் பின்னால் நின்றேன். அவர் முதுகு எனக்குத் தெரிந்தது. அவருக்கு எதிரே நின்ற ரத்னம்மாவின் முகமும் தெரிந்தது.

"மேடம் இருக்காங்களா அம்மா? எத்தனை தடவை போன் பண்ணேன், எத்துறதே இல்ல" என்றார் கன்னடம் கலந்த தமிழில்.

"இல்லப்பா. ஆஸ்பத்திரிக்குப் போயிருக்குது."

கிரீஷின் முதுகே நிமிர்ந்தது. "ஆஸ்பத்திரியா? ஏனாயிது? என்ன ப்ராப்ளம்?"

"ப்ராப்ளம் என்ன ப்ராப்ளம்? நல்ல விஷயம்தான். முழுகாம இருக்குது."

கிரீஷ் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு அர்த்தம் புரிந்து பையிலிருந்து பேனாவை எடுத்தார். "ஓ! ப்ரெக்னென்ட்டா! எத்தனை மாசம்?"

இந்தக் கேள்விக்கு நாங்கள் ஒத்திகை பார்க்கவில்லை. ரத்னம்மா அவர் தோளுக்கு மேலே என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் கொஞ்சமும் யோசிக்காமல் மூன்று விரலைக் காட்டினேன்.

ஏன் மூன்று? நம் பக்கம் மூன்று மாசம் முடியும்வரை யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். கண் பட்டுவிடும் என்று மூடி மூடி வைத்துவிட்டு, மூன்று முடிந்ததும்தான் வெளியே சொல்வார்கள். அம்மா, சித்தி, அக்காள் எல்லோர் விஷயத்திலும் முதன்முதலாகக் காதில் விழுவது மூன்றுதான். அந்தப் பழக்கத்தில் விரல் தானாகவே நீண்டது. என் வீட்டுக்காரர் ஜெர்மனிக்குப் போய் ஐந்து மாசம் ஆகிறது என்பது எனக்கும் தோன்றவில்லை, ரத்னம்மாவுக்கும் தோன்றவில்லை.

"மூணு மாசம்" என்றார் ரத்னம்மா கம்பீரமாக. கிரீஷ் எழுதிக்கொண்டார். "கங்கிராஜுலேஷன்ஸ் சொல்லுங்க அம்மா" என்றும் சொல்லிவிட்டுப் போனார். நானும் ரத்னம்மாவும் அதைக் கொண்டாட வெல்லம் போட்டுக் காபி குடித்தோம்.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகக் கதவு தட்டும் சத்தம். திறந்தால் மாமியார். பேரிகையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறார். ஒரு கையில் மாங்காய்க் கூடை, இன்னொரு கையில் தூக்குவாளி, முகமெல்லாம் சிரிப்பு.

"ஏம்மா கலா, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? ஊரான் வந்து சொல்லித் தெரிஞ்சுக்கணுமா?" என்று என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்.

எனக்கு உடனே அடுத்த சந்தேகம். வேவு பார்க்க வந்திருக்கிறார்! மாங்காயில் ஏதாவது கலந்திருக்குமோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். (மாங்காயில் எப்படிக் கலப்பது என்று கேட்காதீர்கள்.)

"யாரு அத்தை சொன்னாங்க?"

"அந்த இன்சூரன்ஸ் தம்பிதான். நேத்து சாயந்தரம் ஊட்டுக்கு வந்துச்சு. செந்திலு முன்னயே போன் பண்ணிச் சொல்லியிருந்தான், பாலிசிக்கு ஆளு வரும், கேட்டதுக்கு உண்மையா பதில் சொல்லும்மா, கலாவுக்கு விசா சீக்கிரம் கெடைக்கணும்னு. உங்க அப்பா அம்மா எப்படி, பரம்பர நோவு இருக்குதான்னு எல்லாம் கேட்டுச்சு. போறப்ப, பாட்டியாவப் போறீங்கன்னு சொல்லிச்சு. எனக்குத் தூக்கமே இல்ல."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கிரீஷ் நிஜமாகவே இன்சூரன்ஸ்காரர். விடாமல் அடித்த பெங்களூர் நம்பர் வக்கீல் இல்லை, ஏஜென்சி. சீக்கிரம் முடிக்கச் சொன்னது கல்யாணத்தை இல்லை, பாலிசியை. வெளிநாட்டுப் பாலிசிக்கு ஆள் அனுப்பி அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள் என்று என்னையும் ரத்னம்மாவையும் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அந்த நேரத்தில்தான், ரொம்பத் தாமதமாக, எனக்குக் கணக்கும் உறைத்தது. அவர் போய் ஐந்து. நான் காட்டியது மூன்று.

மாமியாரின் காலைப் பிடிக்காத குறையாக உண்மையைச் சொன்னேன். ஒன்றும் இல்லை அத்தை, மாசமாக இல்லை, பொய். எதற்காகச் சொன்னேன் என்பதையும் அழுதுகொண்டே சொன்னேன். அவர் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை. தூக்குவாளி மூடியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"அத்தை, அந்த ஆளு மூணு மாசம்னு சொன்னாரில்ல? உங்க பையன் போயி அஞ்சு மாசம் ஆவுதே. உங்களுக்கு ஒண்ணும் தோணலியா?"

"எனக்குக் கணக்கு தெரியாதாடி? தோணுச்சு. நீ நாள் தெரியாம இருந்திருப்பேன்னு நானே அஞ்சுன்னு வச்சுக்கினேன்." அவர் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "சரி, போவுது. எந்திரி. மாங்கா வீணாப் போவக் கூடாது, உப்பு மொளகாப்பொடி எடுத்தா."

அந்த மாங்காயை நான் அழுதுகொண்டே தின்றேன். அவ்வளவு வெட்கம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நான் அளந்து அளந்து பார்த்துச் சிவப்பு அட்டை கட்டி வைத்திருந்த மாமியார், என்னை அளக்காமலேயே பச்சை கட்டியிருக்கிறார்.

இன்னும் ஒருவர் பாக்கி இருந்தார். பாதி மாங்காய் தின்றுகொண்டிருக்கும்போது போன் அடித்தது. ஜெர்மனி நம்பர். எடுக்கக் கை வரவில்லை. மாமியார் பிடுங்கி என் காதில் வைத்தார்.

"கலா, இங்க இன்னும் விடியல, ஏஜென்சியிலிருந்து மெயில் வந்திருக்குது" என்றார் என் வீட்டுக்காரர். குரலிலிருந்து எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. "நீ மூணு மாசமாம். நாம மறைச்சுட்டோமாம். பாலிசிய நிறுத்தி வச்சுட்டாங்க."

நான் கையிலிருந்த மாங்காய்த் துண்டைக் கீழே வைத்தேன்.

"கீழ் வீட்டு அம்மா சொன்னாங்களாம். ரத்னம்மா வேலையா?"

"இல்லீங்க... நான்தாங்க. ஜன்னல்ல நின்னு... மூணு விரலக் காட்டிட்டேன்."

அவர் சொன்னார்: "கையில அஞ்சு விரல் இருக்குதில்ல? அதையே காட்டியிருக்கக் கூடாதா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார் பாருங்கள், ரோமிங் காசெல்லாம் அந்தச் சிரிப்பிலேயே போனது. நான் அழுதேன். "உங்களுக்குச் சந்தேகமே வரலியாங்க?" என்று கேட்டேன்.

"வந்துச்சு. ரத்னம்மாவுக்குக் கணக்கு வராதோன்னு."

எனக்கு வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் மாமியாரைக் கட்டிக்கொண்டேன். அவர் மாங்காய்க் கையோடு என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

பாலிசிக்காரர்கள் அப்படிச் சிரித்துவிட்டு விட மாட்டார்களே. விசா அலுவலகத்தில் நாள் வாங்கியாகிவிட்டது. அந்த நாள் தப்பினால் அடுத்தது எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஏஜென்சிக்குப் போய் நான் மாசமாக இல்லை என்று சொன்னால், "அப்படீன்னா கீழ் வீட்ல ஏன் சொன்னாங்க?" என்கிறார்கள். நியாயமான கேள்வி, என்ன பதில் சொல்வது? கர்ப்பமில்லை என்று டாக்டர் சர்டிபிகேட் கொண்டுவரச் சொன்னார்கள். ஓசூரில் ஒரு லேடி டாக்டரிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இத்தன வருஷத்துல இப்படி ஒரு சர்டிபிகேட் யாரும் கேட்டதில்லம்மா. எல்லாரும் இருக்குதுன்னு எழுதுங்கன்னுதான் வருவாங்க. நீ இல்லைன்னு எழுதச் சொல்றே. யாருக்கு?"

"ஜெர்மனிக்கு டாக்டர்."

டாக்டர் அதற்கு மேல் கேட்கவில்லை. எழுதிக் கொடுத்துவிட்டார். அதைக் கொண்டுபோனால் ஏஜென்சியில் நம்பவில்லை. தங்கள் லேபில்தான் பார்க்க வேண்டுமாம். அங்கே அதே நர்ஸ். அவள் முடிவைக் கொடுத்தாள். அவர்கள் அதையும் நம்பாமல் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். வாழ்க்கை முழுக்க நான் சரக்கைச் சோதித்தேன். அந்த வாரம் என்னைச் சரக்காக்கிச் சோதித்தார்கள். கூடவே காவலுக்கு மாமியார். ஸ்கேன் சென்டரில் வரிசையில் இருந்த பெண்களிடமெல்லாம், "எங்களுக்கு ஒண்ணும் இல்லைன்னு வரணும், சாமிய வேண்டிக்கோங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் எங்களைப் பார்த்த பார்வையை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

கடைசியில் விசா நாளுக்கு முந்தைய தினம் பாலிசி கைக்கு வந்தது. கொண்டுவந்து கொடுத்தவர் கிரீஷ். மாடிப் படியில் நின்று, "மேடம், சாரி மேடம், ஆனா அவத்து, அன்னிக்கு, நானு அந்த அம்மா சொன்னதைத்தான் எழுதினேன்" என்று அவர்தான் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அவருக்கு மாங்காய் ஊறுகாய் கொடுத்து அனுப்பினேன்.

ஜெர்மனி போய் ஒரு வருஷம் கழித்து நிஜமாகவே நான் உண்டானேன். நம் வழக்கப்படி மூன்று மாசம் முடியும்வரை வாயைத் திறக்கவில்லை. முடிந்த அன்றைக்குப் பேரிகைக்குப் போன் போட்டேன். "அத்தை, மூணு மாசம்" என்றேன்.

"சர்டிபிகேட் இருக்குதா கண்ணு?" என்று கேட்டார்.

பிறகு அழுதார். நானும் அழுதேன். அந்த மாங்காய்க் கூடை எங்கள் இருவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

அந்த மூன்று மாசம் இப்போது வளர்ந்து, காலேஜுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. நாங்கள் ஓசூருக்கே திரும்பிவந்து பல வருஷம் ஆகிறது. என் குணம் மட்டும் போகவில்லை. நேற்றுகூட மகள் வெளியே கிளம்பும்போது, யாருடன் போகிறாய், அந்தப் பெண்ணின் அப்பா என்ன செய்கிறார், எத்தனை மணிக்கு வருவாய், அது உண்மைதானா என்று அடுக்கிக்கொண்டே போனேன். இந்தக் கதையெல்லாம் அவளுக்கு மனப்பாடம். செருப்பை மாட்டிக்கொண்டு, கேட்டருகில் நின்று, என்னைத் திரும்பிப் பார்த்து மூன்று விரலைக் காட்டினாள். உள்ளே இவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. நான் வாயை மூடிக்கொண்டு கேட்டைத் திறந்துவிட்டேன்.